பச்சை வித்துக் குடைக்காளானும் புற்றுக்காளானும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி பிறந்து இரண்டு இடிமழை பெய்துவிட்டால் என் கைபேசிக்குக் காளான் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஒடுகத்தூர், அமிர்தி, ஆலங்காயம், ஜமுனாமரத்தூர் என்று ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து, பள்ளியில் என்னிடம் தாவரவியல் படித்தவர்களும் அவர்களுடைய உறவினர்களும் "இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். அவற்றில் பெரும்பாலான படங்கள் ஒரே நச்சுக் காளானைப் பற்றியவை. அதைச் சுற்றி எழும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்தக் காளானைப் பத்திச் சொல்றீங்க? அதுக்குப் பேர் என்ன?

நம் ஊர்களில் உண்ணத்தகாத காளான் எல்லாவற்றுக்கும் நாய்க்குடை என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது. இங்கே நான் விளக்கும் இனத்தின் அறிவியல் பெயர் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். 1818இல் தென் அமெரிக்காவின் கயானா பகுதித் தாவரங்களைப் பற்றி எழுதிய மேயர் என்ற தாவரவியலாளர் இதை முதலில் விவரித்தார். பெயரின் முதற்பகுதிக்குப் பச்சை இலை என்றும், இரண்டாம் பகுதிக்கு ஈய நிறமுடையது என்றும் பொருள். முற்றிய காளானின் அடிப்பக்கம் உண்மையிலேயே ஈயமும் பாசியும் கலந்தாற்போன்ற நிறத்தில்தான் இருக்கும். இந்தப் பக்கத்தில் அதைப் பச்சை வித்துக் குடைக்காளான் என்று அழைக்கிறேன்.

பார்க்க எப்படி இருக்கும்?

முளைக்கும்போது முட்டை வடிவிலோ, முரசடிக்கும் கோலின் தலை போலவோ, பழுப்பு மூடிய வெள்ளை உருண்டையாக இருக்கும். ஓரிரு நாளில் குடை விரிந்து பத்து முதல் முப்பது சென்டிமீட்டர் வரை அகலமாகும். பெரியவை சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு வரும். குடையின் நடுவில் தோல் போன்ற ஒரு பழுப்புத் திட்டு இருக்கும். அதைச் சுற்றிலும் அதே பழுப்பு சிறு சிறு செதிள்களாக உடைந்து வெள்ளைப் பரப்பின் மேல் சிதறிக் கிடக்கும். தண்டு நீளமாக, வழுவழுப்பாக, அடியில் சற்றே பருத்து இருக்கும். தண்டின் மேற்பகுதியில் தடித்த வளையம் ஒன்று உண்டு. முற்றிய காளானில் அந்த வளையத்தை விரலால் மேலும் கீழும் நகர்த்த முடியும்.

குடைக்கு அடியில் விசிறி மடிப்புகள் போலச் சுற்றிலும் நெருக்கமாக இருக்கும் தகடுகளைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். இளசில் அவை தூய வெள்ளையாக இருக்கும். காளானைப் பரப்பும் நுண்துகள்களான வித்துகள் முதிரத் தொடங்கியதும் முதலில் மங்கலான பச்சை படரும், பிறகு சாம்பல் கலந்த பச்சையாக மாறும்.

காட்டுக்குள்ளே மட்டும்தான் முளைக்குமா?

இல்லை. இந்தக் காளானுக்கு உயிருள்ள மரத்தின் துணை தேவையில்லை; மட்கும் புல், இலை, சாணம் ஆகியவற்றை உண்டே அது வளர்கிறது. மலையடிவாரக் காட்டின் திறந்த ஓரங்கள், ஆடு மாடு மேயும் புல்வெளி, தென்னந்தோப்பு, எருக்குழிக்கு அருகிலுள்ள நிலம், பள்ளி மைதானம், வேலூர் நகரத்து வீடுகளின் புல்தரை ஆகிய எல்லா இடங்களிலும் இதற்கு வாழ்வு உண்டு. சில இடங்களில் வட்டமாகச் சுற்றி நிற்கும். மண்ணுக்கடியில் இருக்கும் பூஞ்சை இழைகள் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பரவுவதால் அந்த வட்டம் உண்டாகிறது.

நம் மாவட்டத்தில் ஆடி, ஆவணி மாதங்களின் மாலை மழைக்குப் பிறகு ஒரு முறையும், ஐப்பசி அடைமழையின் இடைவெளியில் மற்றொரு முறையும் வருவதைக் காணலாம். உண்ணத்தக்க புற்றுக்காளானுக்காக மக்கள் காட்டுக்குப் போகும் அதே நாட்களில் இதுவும் முளைப்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

புத்துக்காளான் மாதிரியே இருக்கே, எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. புற்றுக்காளானைக் கறையான்கள் வளர்க்கின்றன. கறையான்கள் தின்ற மரமும் இலையும் புற்றுக்குள் தேன்கூடு போன்ற ஒரு பஞ்சுக்கூடாக அமைக்கப்படுகின்றன. அந்தக் கூட்டில் வளரும் பூஞ்சைதான் மழைக்காலத்தில் மண்ணைத் துளைத்துக்கொண்டு காளானாக வெளியே வருகிறது. ஆகவே அதன் தண்டு தரையோடு முடிவதில்லை. வேர் போல மெலிந்து, கூடு இருக்கும் ஆழம் வரை இறங்குகிறது. மண்ணைக் குத்திக்கொண்டு வர வேண்டியிருப்பதால் அதன் குடையின் உச்சியில் கெட்டியான கூர்முனை ஒன்று இருக்கும். பச்சை வித்துக் குடைக்காளானில் இவை இரண்டும் இல்லை. அதன் தண்டு சிறு குமிழாக, மண்ணின் மேலடுக்கிலேயே முடிந்துவிடும்.

இந்த வேறுபாட்டைக் காண வேண்டுமானால் காளானைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் இரண்டுமே தரைமட்டத்தில் ஒடிந்து ஒன்றுபோலத் தோன்றும். களைக்கொத்தியால் பக்கத்து மண்ணை மெல்ல விலக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு முறை அமிர்தி செல்லும் வழியில் ஒரு பெண்மணி அப்படித் தோண்டிக் காட்டினார். முழங்கை ஆழத்துக்கு மண் போன பிறகும் அந்த வெள்ளை வால் நூல் கனத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் கறையான்கள் ஓடும் ஈரமான பழுப்புக் கூட்டின் ஒரு துணுக்கோடு கையில் வந்தது. அங்கிருந்து பத்தடி தூரத்தில், அதே புல்லில், பச்சை வித்துக் குடைக்காளான்கள் மூன்று நின்றன. ஒன்றின் அடியில் கொத்தியை ஒரு முறை வைத்ததும் அது குமிழோடு புரண்டு விழுந்தது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். கறையான்கள் வெளியே கொண்டுவந்து போட்ட கூட்டுத் துகள்களிலிருந்து நூற்றுக்கணக்கில் முளைக்கும் சிறிய புற்றுக்காளான் இனம் ஒன்று உண்டு. விரல்நகம் அளவே இருக்கும் அந்தக் காளானுக்கு ஆழமான வால் இராது. அளவிலேயே வேறுபடுவதால் பச்சை வித்துக் குடைக்காளானோடு அது குழம்புவதில்லை. ஆனால் நஞ்சுள்ள வேறு சிறு வெள்ளைக் காளான்களோடு குழம்பும்.

தண்டுல வளையம் இருந்தா விஷம், இல்லைன்னா நல்லதுன்னு சொல்றாங்களே?

இந்த விதி இரு பக்கமும் தவறுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன் 1979இல் விவரித்த டெர்மிட்டோமைசிஸ் ஹைமி என்ற புற்றுக்காளான் தமிழ்நாட்டில் உண்ணப்படும் நல்ல காளான். அதன் தண்டில் தடித்த வளையம் உண்டு. மறுபக்கம், பச்சை வித்துக் குடைக்காளானின் வளையம் நகரக்கூடியது என்பதால், பறித்துக் கூடையில் போட்டுக் கொண்டுவருவதற்குள் கழன்று விழுந்துவிடலாம். வளையமே தோன்றாத நச்சுக் காளான்களும் பல உண்டு.

பச்சை ஆனாத்தானே விஷம்? வெள்ளையா இருக்கிறப்பவே பறிச்சுட்டா?

தயவுசெய்து இப்படி எண்ண வேண்டாம். பச்சை நிறம் வித்துகளின் நிறமே தவிர நஞ்சின் நிறம் அன்று. வெள்ளையாக இருக்கும் இளங்காளானிலும் நஞ்சு இருக்கிறது. சொல்லப்போனால் ஆபத்து மிகுந்தது அந்தப் பருவம்தான். தகடுகள் பச்சையாகிவிட்ட காளானை யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. கறிக்கு மொட்டுதான் ருசி என்று விரியாததையே தேடிப் பறிப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

வித்து நிறம் பார்க்கணும்னா மைக்ராஸ்கோப் வேணுமா?

வேண்டாம். விரிந்த குடை ஒன்றை எடுத்துத் தண்டை ஒட்ட அறுத்துவிட்டு, தகடுகள் கீழே இருக்குமாறு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, காற்றுப் படாமல் பாத்திரம் ஒன்றால் மூடிவிடுங்கள். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கமே போதும். இரவு வைத்தால் காலையில் பார்க்கலாம். குடையை நேராக மேலே தூக்கினால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல நடுவிலிருந்து ஓரம் வரை மெல்லிய கோடுகளாக வித்துகள் தூவியிருக்கும். பச்சை வித்துக் குடைக்காளான் விட்டுச்செல்லும் கோடுகள் மங்கிய பாசிப்பச்சை நிறத்தில் இருக்கும். நாளாக நாளாகப் பழுப்பேறும். வேறெந்தக் காளானோடும் குழப்பிக்கொள்ள இடமில்லாத அளவுக்கு அரிதான நிறம் அது. புற்றுக்காளானின் வித்துப் பதிவு வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும்.

இந்தச் சோதனையை ஒரு பக்கமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும். பச்சை வந்தால் உறுதியாக நச்சுக் காளான். பச்சை வராவிட்டால் நல்ல காளான் என்று பொருளில்லை. இளஞ்சிவப்பு வித்துள்ள நச்சுக் காளான்களும் இருக்கின்றன. உயிரைக் கொல்லும் அமனிட்டா இனங்களின் வித்து வெள்ளை. விரியாத மொட்டில் பதிவே கிடைக்காது என்பதையும் முந்தைய விடையோடு சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

குழம்புல வெள்ளிக்காசு போட்டுப் பார்த்தோம், கறுக்கலை. பூண்டும் நிறம் மாறலை. அப்போ சாப்பிடலாம் தானே?

கூடாது. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். முட்டையோ வெங்காயமோ பட்டாலும் வெள்ளி கறுக்கும். காளானின் நஞ்சுகள் வெள்ளியோடு எவ்வித மாற்றத்தையும் உண்டாக்குவதில்லை. பூண்டு, அரிசி, மஞ்சள், புளி என்று சமையலறையில் செய்யும் எல்லாச் சோதனைகளுக்கும் இதுவே விடை. நஞ்சைக் காட்டும் பொருள் எதுவும் அஞ்சறைப்பெட்டியில் இல்லை.

நத்தையும் புழுவும் தின்ன காளான் மனுஷனுக்கு ஆகாதா?

ஆகாது. நம் உடலின் செரிமானம் வேறு, அவற்றின் செரிமானம் வேறு. மனிதனைக் கொல்லும் அமனிட்டாவை நத்தை எந்தத் தீங்கும் இன்றித் தின்னும். ஆடு கடித்த காளான் என்பதும் சான்றாகாது.

நல்லா கொதிக்க வெச்சு தண்ணியைக் கொட்டிட்டா விஷம் போயிடாதா?

பச்சை வித்துக் குடைக்காளானின் நஞ்சில் புரத வகைப் பொருள் ஒன்று இருப்பதாகக் கண்டறிந்துள்ளனர். புரதம் என்பதால் சூட்டில் அது ஓரளவு சிதையும். ஆனால் வீட்டுச் சமையலில் எல்லாத் துண்டுகளும் ஒரே சூட்டை ஒரே நேரம் பெறுவதில்லை. சமைத்துச் சாப்பிட்டவர்களும் நோயுற்றிருக்கிறார்கள். அமனிட்டாவின் நஞ்சோ வேகவைத்தாலும், வறுத்தாலும், உலர்த்தினாலும், குளிரூட்டினாலும் அழியாது. கையில் இருப்பது இன்னதென்று தெரியாதபோது கொதிக்கவைப்பதை நம்பி இறங்குவது பேராபத்து.

தொட்டாலே விஷம் ஏறுமா?

ஏறாது. உண்டால்தான் தீங்கு. குழந்தை கையில் எடுத்துவிட்டால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டால் போதும்; வாயில் வைத்ததா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள்.

தெரியாம சாப்பிட்டுட்டா என்ன ஆகும்?

பச்சை வித்துக் குடைக்காளானை உண்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் வயிற்றுப் பிடிப்பும் தொடங்கும். சிலருக்கு அரை மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். தொடர்ந்து கடுமையான வாந்தியும் பேதியும் ஏற்படும். பேதியில் இரத்தம் கலந்தும் வரலாம். பெரும்பாலோர் ஒரு நாளில் தேறிவிடுகிறார்கள். சாவு அரிது என்றாலும், உடலின் நீரும் உப்பும் வேகமாக வெளியேறுவதால் சிறு குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி.

உடனே வீட்டுல என்ன செய்யணும்?

108ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் அடுக்கம்பாறையில் உள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் வேலூர் சி.எம்.சி.யும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. மலைக்கிராமங்களில் இருப்பவர்கள் வாந்தி நிற்கட்டும் என்று காத்திராமல் முன்னதாகவே இறங்கிவிடுவது நல்லது. இரவில் வண்டி கிடைக்க எடுக்கும் நேரத்தையும் மலைப்பாதையின் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உப்புக் கரைசலைக் கொடுத்தோ, தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். விழிப்போடு இருப்பவருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

மிச்சமிருக்கும் காளானை, சமைத்ததோ சமைக்காததோ, கையோடு கொண்டுபோக வேண்டும். பறித்த காளானைக் காகிதத்தில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் சில மணி நேரத்தில் அழுகி அடையாளம் தெரியாமல் போய்விடும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நேரங்களும் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அடுத்த விடையில் பார்க்கலாம். ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்ட எல்லோரையும், நன்றாக இருப்பவர்களையும் சேர்த்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ராத்திரி சாப்பிட்டோம், விடிகாலையிலதான் வாந்தி வந்துச்சு. லேட்டா வந்தா விஷம் கம்மின்னு தானே அர்த்தம்?

இதற்கு நேர் எதிரானதே உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் வாந்தி, அமனிட்டாவிலும் சில சிறு லெப்பியோட்டா காளான்களிலும் உள்ள அமடாக்சின் என்ற நஞ்சின் அறிகுறியாக இருக்கலாம். உயிரணுக்கள் புரதம் உண்டாக்குவதற்குத் தேவையான செய்தியைப் படியெடுக்கும் நொதியை இந்த நஞ்சு முடக்குகிறது. ஈரல் அணுக்கள் முதலில் மடிகின்றன. வாந்தியும் பேதியும் ஒரு நாள் வாட்டிய பின் நின்றுவிடும். நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார், வீட்டாரும் ஆறுதல் அடைவார்கள். அந்த நேரத்திலும் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும்; மூன்றாம் நாள் அளவில் மஞ்சள் காமாலையாக வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும். ஐரோப்பாவின் மரணத்தொப்பி எனப்படும் அமனிட்டாவில் பாதிக் குடையே வளர்ந்த ஒருவரைக் கொல்லப் போதுமானது.

ஆகவே தாமதமாக வந்த வாந்தி நின்றுவிட்டது என்பதற்காக மருத்துவமனையிலிருந்து திரும்பிவிடாதீர்கள். காளான் சாப்பிட்டதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, ஈரல் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். வாந்தியை விட வியர்வையும் எச்சில் ஒழுகுவதும் கண்ணீர் வடிவதும் மிகுந்தால் அது வேறு வகை நஞ்சு. அதையும் அப்படியே விவரித்துச் சொல்லுங்கள், அதற்கான மருந்து வேறு.

போன வருஷம் இதையேதான் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகலையே?

பச்சை வித்துக் குடைக்காளானைச் சாப்பிட்டும் நோயுறாதவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். உண்ட அளவு, சமைத்த விதம், உடல்வாகு ஆகியவற்றைப் பொறுத்து விளைவு மாறுபடுகிறது. உங்களுக்கு ஒன்றும் ஆகாத அதே குழம்பு உங்கள் பேத்திக்கு என்ன செய்யும் என்பதை உங்கள் உடல் சொல்லாது.

எங்க பாட்டி அறுபது வருஷமா காளான் பறிச்சாங்க, ஒரு நாளும் தப்பு நடக்கலை. அவங்களை விடவா நீங்க?

நிச்சயமாக இல்லை. உங்கள் பாட்டியின் அறிவை நான் மதிக்கிறேன்; அது எப்படிப்பட்ட அறிவு என்பதைக் கூர்ந்து பார்க்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மலையில் காளான் பறிக்கும் மூத்தவர்களோடு நடந்திருக்கிறேன். அவர்கள் காளானைத் தேடிப் போவதில்லை; புற்றைத் தேடிப் போகிறார்கள். எந்தப் புற்றில், எந்த மழைக்கு எத்தனையாம் நாள், எந்தப் பக்கம் முளைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். சந்தேகமான காளானை ஒரு முறை பார்த்துவிட்டு, எந்த விளக்கமும் சொல்லாமல் கடந்து போய்விடுவார்கள்.

அந்த அறிவு இடத்தோடு கட்டுண்டது. பேரப்பிள்ளைகள் அதில் "வெள்ளையாக, பெரிதாக, மழைக்குப் பிறகு வரும்" என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, காட்பாடியில் வாடகை வீட்டின் பின்புறத்திலோ பெங்களூரில் வேலைத்தளத்து ஓரத்திலோ முளைத்ததைப் பறிக்கும்போதுதான் தவறு நேர்கிறது. பாட்டி காட்டிய புற்று அங்கே இல்லை. வெளிநாடுகளில் இதைவிடக் கொடிய வடிவில் இது நடந்திருக்கிறது. ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் ஊரில் உண்டு பழகிய வைக்கோல் காளான் என்று எண்ணி மரணத்தொப்பியைப் பறித்து உயிரிழந்திருக்கிறார்கள்.

போன்ல ஆப் இருக்கு, போட்டோ எடுத்தா பேர் சொல்லுது. நம்பலாமா?

பெயர் தெரிந்துகொள்ள ஒரு தொடக்கமாகப் பயன்படும். சாப்பிடலாமா என்று முடிவெடுக்கப் பயன்படாது. மேலிருந்து எடுத்த படத்தில் தகடுகளின் நிறம், தண்டின் அடி, வித்துப் பதிவு ஆகிய மூன்றும் இல்லை. இந்த மூன்றும் இல்லாமல் எனக்கு அனுப்பப்படும் படங்களுக்கும் "சாப்பிட வேண்டாம்" என்ற விடையை மட்டுமே சொல்லுகிறேன்.

ரோட்டோரம் தேக்கு இலையில வெச்சு விக்கிறாங்களே, வாங்கலாமா?

மலையிலிருந்து இறங்கி வந்து புற்றுக்காளான் விற்பவர்கள் பெரும்பாலும் தாங்களும் அதையே உண்பவர்கள். எங்கே பறித்தது என்று கேளுங்கள். தண்டின் வாலோடு இருக்கும் காளானாகப் பார்த்து வாங்குங்கள். தண்டு வெட்டப்பட்டிருந்தாலோ, மொட்டுகள் மட்டும் இருந்தாலோ, பலவகைக் காளான்கள் கலந்திருந்தாலோ வாங்காமல் இருப்பதே என் வழக்கம். காளான் மேல் ஆசை இருந்து, ஐயமும் இருந்தால் பண்ணையில் வளர்த்த சிப்பிக்காளானோ பால்காளானோ எளிதாகக் கிடைக்கின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 என்ற பால்காளான் வகை நம் வெயிலுக்கு ஏற்றது.

எங்க வீட்டுப் புல்தரையில வருஷா வருஷம் வருது. சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. எப்படி ஒழிக்கிறது?

மண்ணுக்கடியில் பரவியுள்ள இழைகளை முழுமையாக அழிப்பது கடினம். மேலே தெளிக்கும் பூஞ்சைக்கொல்லி பெரும்பாலும் அவ்வளவு ஆழம் போவதில்லை. மழைக்காலத்தில் தினமும் காலையில் ஒரு சுற்று பார்த்து, மொட்டாக இருக்கும்போதே அடிக்குமிழோடு பெயர்த்து எடுத்துவிடுங்கள். குடை விரிந்து வித்து தூவுவதற்கு இடம் கொடுக்காதீர்கள். பெயர்த்ததை எருக்குழியில் போடாமல், பையில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள். புல்தரைக்கு மட்காத சாணம் போடுவதைக் குறைத்தால் வரத்தும் குறையும். வீட்டில் நாய் இருந்தால் அதையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். இந்தக் காளான் நாய்களையும் நோயுறச் செய்யும்.